பெண்ணியம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஆதரிப்பவரையும் எதிர்ப்பவரையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி

போன வருடம் ஒரு வளைகாப்பு வீட்டில், பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, என் கொழுந்தனார் ஒரு கணக்குச் சொன்னார். "அண்ணி, வரதட்சணைக் கொடுமை கேஸ்ல நூத்துக்குப் பதினஞ்சுதான் நிக்குது. மிச்சம் எண்பத்தஞ்சும் பொய்க் கேஸ். சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு." எனக்குப் பதில் தெரியவில்லை. "அப்படியெல்லாம் இருக்காது தம்பி" என்று மட்டும் சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அன்று ராத்திரியே இணையத்தில் மூன்று புத்தகங்களுக்கு ஆர்டர் போட்டேன். 1,840 ரூபாய். மூன்றும் ஆங்கிலம், மூன்றும் செங்கல் கனம். ஒன்றில் 40ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை, மற்ற இரண்டையும் பிரிக்கவே இல்லை. நாலு மாதம் இப்படியே போனது. அப்புறம் தட்டுத் தடுமாறி ஒரு வரிசை பிடிபட்டது. அலுவலகம் போய்க்கொண்டு, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, ஆறு மாதத்தில் முடிக்கக்கூடிய வரிசை. அந்த 1,840 ரூபாய் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் கேள்வியை எழுதுங்கள், புத்தகம் அப்புறம்

எல்லாரும் செய்கிற தப்பு இது: "முதலில் பெண்ணியவாதிகளை முழுக்கப் படிப்போம், பிறகு எதிர்ப்பவர்களைப் படிப்போம்." அந்த "பிறகு" வராது. பத்துப் புத்தகம் ஒரே பக்கத்தில் படித்தபின் எதிர்த்தரப்பை எடுத்தால், முதல் வரியிலேயே கோபம் வந்து மூடிவைப்பீர்கள். எதிர்த்தரப்பில் தொடங்கினாலும் இதே கதைதான்.

அதனால் கேள்வி கேள்வியாகப் பிரியுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். என் நோட்டில் இருந்த கேள்விகள் இவை:

- தாய்மை பெண்ணுக்குப் பெருமையா, பூட்டா?
- வீட்டில் கடைசி முடிவு யாருடையது?
- வேலைக்குப் போனால் விடுதலை வந்துவிடுமா?
- சட்டம் பெண்ணைக் காக்கிறதா, ஆணை மிரட்டுகிறதா?
- "பெண்கள்" என்று சொல்லும்போது எந்தப் பெண்களைச் சொல்கிறோம்?

உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். ஐந்துக்கு மேல் போகாதீர்கள். நான் முதலில் பதினேழு எழுதினேன். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தூக்கம் வந்தது.

2. நூலக அட்டை: காகிதமும் காசும்

ஆதார் நகல், முகவரிச் சான்று (வாடகை வீடு என்றால் ஆதாரில் பழைய முகவரி இருக்கும், கவனம்), பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு. சில கிளைகளில் அரசு ஊழியர் ஒருவரின் கையெழுத்தும் கேட்பார்கள். போவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்து எனக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வைப்புத்தொகைக்குத் தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள், அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது பணம் வாங்க அதுதான் ஆதாரம்.

நான் முதல் தடவை பெர்மிஷன் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை போனேன். எங்கள் கிளை நூலகத்துக்கு வெள்ளி விடுமுறை. இரண்டாம் தடவை போட்டோ இல்லை. மூன்றாம் தடவைதான் அட்டை கைக்கு வந்தது.

நூலகத்தில் "பெண்ணியம்" என்று மட்டும் தேடினால் நாலைந்துதான் அகப்படும். பழைய நூல்களில் அந்தச் சொல்லே இருக்காது. "பெண் விடுதலை", "பெண்ணுரிமை", "மாதர்", "மகளிர்" என்றும் தேடுங்கள். டியூயி முறையில் அடுக்கியிருக்கும் பெரிய நூலகமாக இருந்தால் 305.4 என்ற எண் ஒட்டிய அடுக்குக்கு நேராகப் போய்விடலாம். எதிர்த்தரப்பு நூல்கள் அங்கே அதிகம் இருக்காது. அவை அரசியல், சட்டம், மதம், குடும்பம் என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும்.

3. இலவசமாகக் கிடைப்பதை முதலில் இறக்குங்கள்

காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்கள் புராஜெக்ட் குடன்பெர்க்கிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கிடைக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஈழத்து நூல்களும் பழைய பெண்கள் இதழ்களும் வேண்டுமென்றால் 'நூலகம்' என்ற பெயரிலேயே இருக்கும் இணையதளம். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 'சொல்லாத சேதிகள்' பெண்கள் கவிதைத் தொகுப்பைத் தேடுகிறவர்களும் அங்கே தொடங்கலாம்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சல் முகவரி போதும். மாதம் நூறு கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம், இறக்கிக்கொள்ளத்தான் முடியாது. தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன், அதுவும் இலவசம்.

மொபைலில் நீளமாகப் படிக்க முடியாது என்றால், வேண்டிய அத்தியாயத்தை மட்டும் பிரிண்ட் எடுங்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய், இரண்டு பக்கமும் அடித்தால் தாள் மிச்சம்.

4. தமிழில் தொடங்குங்கள்: பெரியாரும் திரு.வி.க.வும்

முதல் ஜோடி தமிழில் இருக்கட்டும். மொழியோடும் கருத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டாம்.

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' பத்து அத்தியாயம் கொண்ட சின்ன நூல். மலிவுப் பதிப்பு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். "கர்ப்பத்தடை" அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மற்றவர்கள் கர்ப்பத்தடை வேண்டும் என்பது பெண்ணின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காக. தான் சொல்வது பெண்ணின் விடுதலைக்காக என்று அங்கே கோடு கிழிக்கிறார். கடைசி அத்தியாயத்தில், ஆண்கள் பெண்களுக்கு விடுதலை வாங்கித் தருவார்கள் என்பது பூனையால் எலிக்கு விடுதலை வரும் என்பதைப் போல என்கிறார்.

இதற்கு ஜோடி, திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை'. 1927இல் வந்தது. இவரைப் பெண்ணுக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. பெண்ணை இழிவுபடுத்தும் வழக்கங்களைக் கண்டிக்கிறவர்தான். ஆனால் இவருக்குப் பெண்மை மலர்ந்து தாய்மையாகும், தாய்மை மலர்ந்து இறைமையாகும். பெரியார் எதைப் பூட்டு என்கிறாரோ, அதையே இவர் கோயில் கருவறை என்கிறார்.

என் அம்மா இரண்டையும் படிக்கவில்லை. ஆனால் நான் சொல்லக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமே பிள்ளை பெறலையேடி, எனக்குல்ல தெரியும்" என்றாள். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பொறி: திரு.வி.க.வின் நடை முதல் இருபது பக்கம் கடினமாகத் தெரியும். வாய்விட்டுப் படியுங்கள், வழிக்கு வந்துவிடும்.

5. கூட்டுக் கடையும் கப்பலும்: மில், ஸ்டீபன்

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. பைசா செலவில்லை.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1869இல் வெளியிட்டது 'தி சப்ஜெக்‌ஷன் ஆஃப் விமன்'. நாலே அத்தியாயம். நேரமில்லையென்றால் திருமணத்தைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம் மட்டும் போதும். அதில் அவர் கேட்பது இதுதான்: இரண்டு பேர் கூட்டாகத் தொழில் நடத்துகிறார்கள். கூட்டாளிகளில் ஒருவர்தான் சர்வாதிகாரி, மற்றவர் அவர் சொல்படி நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டா வைத்திருக்கிறோம்? முதலாளியின் பொறுப்பும் குமாஸ்தாவின் அதிகாரமும் என்றால் எவன் கூட்டுக்கு வருவான்? கடைக்குத் தேவைப்படாத சட்டம் கல்யாணத்துக்கு மட்டும் எதற்கு?

நாலு வருடம் கழித்து, 1873இல், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் பதில் எழுதினார். புத்தகத்தின் பெயர் 'லிபர்ட்டி, ஈக்வாலிட்டி, ஃபிரட்டர்னிட்டி'. இதில் சமத்துவம் பற்றிய ஐந்தாம் அத்தியாயம்தான் உங்களுக்கு வேண்டியது. ஸ்டீபன் நமக்கு அந்நியர் இல்லை. வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்து, 1872ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர். 2024 ஜூலை 1 வரை நம் கோர்ட்டுகளில் ஓடியது அந்தச் சட்டம்தான்.

ஸ்டீபன் கடையை விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போகிறார். பாய்மரத்தை வெட்டு என்று கேப்டன் உத்தரவிட்டால், துணை அதிகாரி அந்த நொடியே வெட்ட வேண்டும். அவர் கேப்டனைவிடத் தேர்ந்த மாலுமியாக இருக்கலாம், அந்த உத்தரவே தப்பு என்று நினைக்கலாம். இருந்தாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். மனைவியும் அப்படித்தான் என்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை மூடாமல் அந்தப் பக்கத்தையே திரும்பப் படித்தேன். அப்போதுதான் அவர் எதைச் சொல்லவில்லை என்பது கண்ணில் பட்டது. இந்த உவமையில், பெண்ணுக்கு அறிவு குறைவு, அதனால் அடங்கு என்று வாதமே இல்லை. துணை அதிகாரி கெட்டிக்காரராகவே இருக்கலாம் என்று அவரே விட்டுக்கொடுக்கிறார். இரண்டு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் சொல் கடைசிச் சொல்லாக இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் வாதம். "பெண்களும் கெட்டிக்காரர்கள்தான்" என்று நாம் கத்தினால் அது அவர்மேல் படவே படாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாய்மரம் வெட்டுகிற மாதிரி அவசரம் ஒரு வீட்டில் வருடத்துக்கு எத்தனை தடவை வருகிறது? அப்படியே வந்தாலும் எப்போதும் ஒரே ஆள்தான் கேப்டனா?

அவரிடம் இன்னொரு வாதமும் உண்டு, அதுதான் கூர்மையானது. கல்யாணம் வெறும் கூட்டுத்தொழில் என்றால் நினைத்தபோது கலைக்கலாம் என்றாகும். அப்படிக் கலைக்க முடிந்தால் நஷ்டப்படுவது பெண்தான் என்கிறார். 150 வருடம் கழித்தும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இதே வாதம் வரும், உவமை மட்டும் மாறியிருக்கும். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

ஒரு கொசுறு: ஸ்டீபனின் தம்பி மகள்தான் வர்ஜீனியா உல்ஃப். எழுத நினைக்கும் பெண்ணுக்குத் தனி அறையும் வருடம் 500 பவுண்டும் வேண்டும் என்று 1929இல் எழுதியவர். பெரியப்பாவின் கப்பலிலிருந்து இறங்கி வந்தவர் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

6. வேலைக்குப் போனால் போதுமா: மூன்று அமெரிக்கப் பெண்கள்

இங்கே மூன்று பேர் வேண்டும். பெட்டி ஃப்ரீடன் 1963இல் எழுதிய 'தி ஃபெமினைன் மிஸ்டீக்', படித்துவிட்டு வீட்டுக்குள் அடைந்துகிடந்த இல்லத்தரசிகளின் பெயரில்லாத புழுக்கத்தைப் பற்றியது. முதல் அத்தியாயம் போதும்.

எதிர்த்தரப்பில் ஃபில்லிஸ் ஷ்லாஃப்லி. ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் 1972இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். 35 தந்திருந்த நிலையில், 1982இல் கெடு முடிந்தது. அதைத் தடுத்து நிறுத்தியதில் பெரிய பங்கு ஷ்லாஃப்லிக்கு. சட்டம் சமமாக்கினால், மனைவியைக் காப்பாற்றும் கடமை கணவனுக்கு இல்லாமல் போகும், பெண்களும் கட்டாய ராணுவத்துக்குப் போக நேரும், இருக்கிற சலுகைகளும் பறிபோகும் என்பது அவர் வாதம்.

இவரைப் படிக்கும்போது எல்லாரும் ஒரே பொறியில் விழுவார்கள், நானும் விழுந்தேன். "வீடுதான் பெண்ணின் இடம் என்று சொல்ல இவர் மட்டும் ஊர் ஊராகப் போனாரே!" என்ற கிண்டல். சொல்லிப் பார்த்தால் நன்றாக இருக்கும். ஆனால் ராணுவம் பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது.

மூன்றாவது பெல் ஹூக்ஸ், கறுப்பினப் பெண்ணியவாதி. 1984இல் வந்த 'ஃபெமினிஸ்ட் தியரி: ஃப்ரம் மார்ஜின் டு சென்டர்' நூலின் முதல் அத்தியாயம். ஃப்ரீடன் பேசியது கல்லூரி படித்த, வசதியான வெள்ளைக்கார இல்லத்தரசிகளைப் பற்றித்தான் என்கிறார். அவர்கள் வேலைக்குப் போனால் அந்த வீட்டைப் பெருக்கவும் குழந்தையைப் பார்க்கவும் யார் வருவாள், அவளுக்கு என்ன விடுதலை என்று கேட்கிறார். இதைப் படித்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. அவரை நேராகப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அந்த மாதச் சம்பளத்தைப் பற்றி நானே பேச்செடுத்தேன்.

7. தீர்ப்பைத் தீர்ப்பாகவே படியுங்கள்

கொழுந்தனாரின் பதினைந்துக்கு வருகிறேன். அது 2014 ஜூலை 2இல் வந்த அர்னேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கின் தீர்ப்பு. நீளம் இல்லை, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு 1983இல் வந்தது. கணவனோ அவன் உறவினர்களோ செய்யும் கொடுமைக்கு மூன்று வருடம் வரை சிறை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகள். பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் தேடுங்கள்.

தீர்ப்பில் இருக்கும் எண்கள், 2012ஆம் வருடக் குற்றப் பதிவுகளிலிருந்து எடுத்தவை: அந்த வருடம் இந்தப் பிரிவில் கைதானவர்கள் 1,97,762 பேர். அதில் பெண்கள் 47,951. குற்றப்பத்திரிகை தாக்கலானது 93.6 சதவீதம். தண்டனை 15 சதவீதம். விசாரணையில் நிற்பவை 3,72,706 வழக்குகள். இவற்றில் ஏறக்குறைய 3,17,000 விடுதலையில் முடியலாம் என்கிறது.

கால்குலேட்டரை எடுங்கள். 3,72,706ஐ 0.85ஆல் பெருக்கினால் 3,16,800. ஆக, 3,17,000 என்பது புதிய சான்று போலத் தெரிந்தாலும், அதே 15 சதவீதத்தைப் பெருக்கினால் வரும் எண்தான். இதைப் போட்டுப் பார்த்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

அடுத்தது, 85 பேர் தண்டனை இல்லாமல் போனால் 85 வழக்கும் பொய் என்று ஆகுமா? சாட்சி பிறழலாம், நடுவில் சமரசம் ஆகலாம், நிரூபிக்க முடியாமல் போகலாம். விடுதலை என்பதும் பொய் வழக்கு என்பதும் ஒன்றில்லை. சட்டத்தைக் கேடயமாக இல்லாமல் ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தீர்ப்பு கடுமையாகவே சொல்கிறது. எண்பத்தைந்தும் பொய் என்று சொல்லவில்லை.

இத்தோடு நிறுத்திவிட்டு வெற்றி என்று கிளம்பினால் நீங்களும் பாதிதான் படித்திருக்கிறீர்கள். 47,951 பெண்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று கைதானவர்கள். பெண்களுக்கான சட்டத்தில் ஒரே வருடத்தில் இத்தனை பெண்கள் கைதாகியிருக்கிறார்கள் என்பதைச் சட்டத்தை ஆதரிக்கும் எந்தக் கட்டுரையிலும் நான் அதுவரை பார்த்ததில்லை. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் காரணம் எழுதாமல் இயந்திரம் மாதிரி கைது செய்யக் கூடாது என்று கோர்ட் போட்ட உத்தரவு, இந்தப் பின்னணியில் படித்தால் நியாயமாகவே படுகிறது.

இதோடு ஜோடியாகத் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றை வையுங்கள். 2019-21இல் எடுத்தது. 18 முதல் 49 வயதுக்குள், திருமணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். தீர்ப்பில் இருப்பது ஸ்டேஷனுக்கு வந்தவர்களின் கணக்கு. ஆய்வில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

8. உள்ளேயிருந்து வரும் விமர்சனம்

எதிர்ப்பவர்கள் என்றால் வெளியாட்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வலுவான விமர்சனங்கள் பலவும் உள்ளேயிருந்தே வந்தவை.

மது கிஷ்வர், 'மானுஷி' என்ற பெண்கள் இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். நான் ஏன் என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை என்று 1990இல் அதே இதழில் எழுதினார். மேற்கிலிருந்து வந்த சட்டகத்தை இங்கே அப்படியே பொருத்துவது பற்றிய மனக்குறை அது. 1995இல் கோபால் குரு எழுதிய 'தலித் விமன் டாக் டிஃபரன்ட்லி', தலித் பெண்கள் ஏன் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது என்பதற்கு இரண்டு காரணம் சொல்கிறது: வெளியே, அவர்கள் சார்பில் பேசிவிடும் மற்றவர்கள். உள்ளே, தலித் ஆண்களின் ஆதிக்கம். 1998இல் ஷர்மிளா ரேகே அதே தலைப்பையே தன் தலைப்பில் வைத்து விவாதத்தைத் தொடர்ந்தார். இரண்டு கட்டுரைகளும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்தவை. ஜேஸ்டோரில் தேடுங்கள். ரேகேயின் கட்டுரை கனமானது, இரண்டு மாலை ஒதுக்குங்கள்.

தமிழில் என்றால் ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்'. தலித் தலைவர் ஒருவரின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆணாதிக்கத்தை மகளின் கண் வழியாகக் காட்டும் நாவல். பின்னால் அவரே அந்த நாவலை விசாரித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்று எழுதினார். தானே எழுதி, தானே கேள்வி கேட்ட ஜோடி. இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள்.

9. நோட்டு போடும் முறை

80 பக்க நோட்டு ஒன்று. இடப்பக்கம் எழுத்தாளர் சொல்வது, மூன்று வரிக்குள். அவரே படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். வலப்பக்கம் உங்கள் மறுப்பு, அத்தியாயம் முழுக்க முடிந்த பிறகுதான். பாதியில் மறுப்பு எழுத ஆரம்பித்தால் மீதியைச் சண்டைக்காரர் மாதிரிதான் படிப்பீர்கள்.

இன்னும் சில குழிகள், நான் விழுந்தவை:

ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்வதை வைத்து அவரைத் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். ஸ்டீபன் பற்றி மில் ஆதரவாளர்கள் எழுதிய சுருக்கம் எதிலும் அந்தத் "தேர்ந்த மாலுமி" எனக்குக் கிடைக்கவில்லை.

யூடியூபில் யாரோ யாரையோ வாயடைக்க வைத்த வீடியோக்கள், இரண்டு பக்கத்திலும் உண்டு. படிக்கும் ஆறு மாதத்துக்கு அவற்றைத் தள்ளிவையுங்கள். ஒன்று பார்த்தால் அடுத்த பத்தும் அதே பக்கத்திலிருந்து வந்து வரிசையில் நிற்கும்.

முதல் புத்தகம் முடித்த வாரம் வீட்டில் யாரோடும் வாதாடாதீர்கள். நான் வாதாடினேன். ரசம் ஆறிப்போனது, பிரயோஜனமும் இல்லை.

மொழிபெயர்ப்பில் படிக்கிறீர்களென்றால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவாரின் 'தி செகண்ட் செக்ஸ்' பிரெஞ்சில் 1949இல் வந்தது. 1953இல் பார்ஷ்லி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் பல பகுதிகள் வெட்டப்பட்டிருக்கும். முழு மொழிபெயர்ப்பு 2009இல்தான் வந்தது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான் வாங்கியது பழையதை.

10. எவ்வளவு நாள், எவ்வளவு செலவு

மாதம் ஒரு கேள்வி. வாரத்தில் நாலு நாள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நாற்பது நிமிடம். ஐந்து கேள்விக்கு ஐந்து மாதம், விட்டுப்போனதைப் பிடிக்க ஆறாவது மாதம். ஏப்ரல், மே வேண்டாம். வீடு நிறைய விருந்தாளி, கரன்ட்டும் போகும். எங்கள் நூலகத்தில் புத்தகத்தை 15 நாள் வைத்திருக்கலாம். வேறு யாரும் கேட்காவிட்டால் புதுப்பித்துத் தருவார்கள். 14ஆம் நாளுக்கு மொபைலில் அலாரம் வையுங்கள்.

எனக்கு ஆனது: நூலக அட்டை நூறுக்குள், பெரியார் நூல், சிவகாமி நாவல், பிரிண்ட் சுமார் 120 பக்கம், நோட்டு, பேனா. எல்லாம் சேர்ந்து 900 ரூபாயைத் தாண்டவில்லை. அவசரமில்லையென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரை காத்திருங்கள். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடி இருக்கும். தாளில் பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் சமையல் புத்தகத்தோடு திரும்புவீர்கள்.

அந்த 1,840 ரூபாய்ப் புத்தகங்களில் இரண்டைப் பழைய புத்தகக் கடையில் 350க்குக் கொடுத்துவிட்டேன். பொவாரின் முழுப் பதிப்பு நூலகத்தில் இருந்தது, எடுத்து வந்தேன். இரண்டு தடவை புதுப்பித்தாகிவிட்டது, 112ஆம் பக்கத்தில் இருக்கிறேன். தீர்ப்பின் பிரிண்ட் மட்டும் கையில் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது கொழுந்தனார் எடுத்துப் போனார், இன்னும் திருப்பித் தரவில்லை.